மாவாட்டிய கை: உட்லண்ட்ஸ் கிருஷ்ண ராவ்

போன மாதம் சென்னையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு சாயங்காலம் பேத்தி என்னைக் கதீட்ரல் சாலையில் இருக்கும் செம்மொழிப் பூங்காவுக்கு அழைத்துப் போனாள். மர நிழலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். "எப்படி இருக்கு தாத்தா?" என்றாள். "நல்லாத்தான் இருக்கு கண்ணு. ஆனா முன்னெல்லாம் இங்க சாம்பார் வாசனை வரும்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வயதாகிவிட்டது, ஏதோ உளறுகிறார் என்று நினைத்திருப்பாள்.

உளறல் இல்லை. 2010ல் அந்தப் பூங்கா திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் 1962 முதல் 2008 வரை அதே மரங்களுக்கு அடியில் இருந்தது உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல். காரை விட்டு இறங்காமலேயே சாப்பிடலாம். கார்க் கதவின் ஜன்னலில் தட்டை மாட்டிவிட்டுப் போவார்கள். கார் இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு உள்ளே கூடமும் உண்டு. சினிமாக்காரர்கள், வக்கீல்கள், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள், வேலை தேடும் பட்டதாரிகள் என்று எல்லாரும் ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். எழுந்து போ என்று யாரும் சொல்வதில்லை.

அந்த ஓட்டலைத் தொடங்கியவர் கே. கிருஷ்ண ராவ். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். "தறி ஓட்டுகிற அம்மையார்குப்பத்துக்காரனுக்கு ஓட்டல்காரர் கதை எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் என் நைனா. முதலில் நைனாவின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட்டு ராவ் கதைக்கு வருகிறேன்.

நம் ஊரில் விடியற்காலை தறிச் சத்தம் கேட்டுத்தான் கண் விழிப்போம் என்பது உங்களுக்குத் தெரியும். நெய்த துணியை விற்றாக வேண்டுமே. நைனா மாதம் ஒருமுறையோ இருமுறையோ மூட்டை கட்டிக்கொண்டு திருத்தணி போய் ரயில் ஏறுவார். சென்ட்ரலில் இறங்கி, எதிரே இருக்கும் ராமசாமி முதலியார் சத்திரத்தில் கை கால் கழுவிக்கொண்டு, மூட்டையைத் தோளில் போட்டு கோடவுன் தெருவுக்கு நடப்பார். ஜவுளி வியாபாரிகள் எல்லாம் அங்கேதான். பேரம் முடிந்து பணம் கைக்கு வர மத்தியானம் ஆகிவிடும், சில நாள் சாயங்காலமும் ஆகும்.

அதுவரை வயிற்றுக்கு என்ன? கட்டுச்சோறுதான். அம்மா புளிசாதம் கிளறி, வாழை இலையில் வைத்து, துணியில் முடிந்து கொடுப்பார். நைனா அதை எங்காவது ஒரு திண்ணையிலோ மரத்தடியிலோ உட்கார்ந்து சாப்பிடுவார். பட்டணத்தில் எத்தனையோ காபி கிளப்புகள் இருந்தும் அவர் ஒன்றிலும் நுழைவதில்லை. சிக்கனம் என்று சின்ன வயதில் நான் நினைத்துக்கொண்டேன். அது இல்லை காரணம் என்று பிறகுதான் தெரிந்தது.

நான் பிறப்பதற்கு முன்பு, சுதந்திரம் வருவதற்குச் சற்று முன்னால் நடந்தது. ஒரு மழைநாளில் கட்டுச்சோறு நனைந்து வீணாகிவிட்டது. நைனா பசி தாங்காமல் ஜார்ஜ் டவுனில் ஒரு ஓட்டலுக்குள் நுழைந்திருக்கிறார். கல்லாவில் இருந்தவர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் கையால் பக்கவாட்டுச் சந்தைக் காட்டினாராம். "உனக்கு இங்கே இல்லை, அந்தப் பக்கமாகப் போ" என்று அர்த்தம். நைனா அந்தப் பக்கமும் போகவில்லை. அப்படியே தெருவில் இறங்கி சென்ட்ரலுக்கு நடந்து, பட்டினியாக ஊர் வந்து சேர்ந்தார். இதை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். ஓட்டலின் பெயரை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இனி கிருஷ்ண ராவ் கதை.

அவர் 1898ல் தென் கன்னட மாவட்டத்தில் கடந்தலே என்ற சிற்றூரில் பிறந்தார். உடுப்பிப் பக்கம். வீட்டில் துளு பேசுவார்கள். பூசாரிக் குடும்பம், வறுமை. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. சிறு வயதிலேயே உடுப்பி மடத்துச் சமையல்கட்டில் எடுபிடி வேலைக்குப் போய்விட்டார்.

உடுப்பி மடங்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 13ஆம் நூற்றாண்டில் மத்வாச்சாரியார் அங்கே கிருஷ்ணனைப் பிரதிஷ்டை செய்தார் என்பார்கள். பூஜைப் பொறுப்பு எட்டு மடங்களிடம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு மடம் என்று முறை மாறி வரும். அங்கே பூஜைக்கு நிகராக அன்னதானமும் முக்கியம். தினமும் பந்தி பந்தியாக ஜனங்களுக்குச் சாப்பாடு போட்டாக வேண்டும். வெங்காயம், பூண்டு கிடையாது. பூசணி, சேம்பு, தேங்காய், பருப்பு இவற்றை வைத்தே ருசியாகச் சமைக்க வேண்டும். ஆயிரம் பேர் வந்தாலும் சோறு குழையக் கூடாது, சாம்பார் நீர்க்கக் கூடாது. இப்படிப்பட்ட சமையல்கட்டில் நின்ற பையனுக்கு வேறு பள்ளிக்கூடம் எதற்கு? நம் ஊரில் தறிக்குழியில் இறங்கிய பையன் பாவையும் ஊடையையும் கையால் கற்றுக்கொள்கிற மாதிரிதான்.

அந்தக் காலத்தில் தென் கன்னடம் சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. 1956ல் மாநிலங்கள் பிரிந்தபோதுதான் மைசூர் பக்கம் போனது. அதனால் பிழைப்புத் தேடிக் கிளம்பும் உடுப்பிப் பையனுக்கு மதராஸ்தான் தலைநகரம். நம் நிலைமையும் கிட்டத்தட்ட அதுதான். நாமும் 1960 ஏப்ரல் 1ஆம் தேதி வரைக்கும் சித்தூர் ஜில்லா. 1953ல் ஆந்திரா பிரிந்த பிறகு ஆறரை வருஷம் நைனா மூட்டையோடு மதராஸ் போனது ஒரு ராஜ்யத்திலிருந்து இன்னொரு ராஜ்யத்துக்கு! கோட்டை எங்கே கிழித்தாலும் வயிறு மதராஸைப் பார்த்துத்தான் நடந்தது.

1907ல் மங்களூருக்கு ரயில் வந்துவிட்டது. அந்த வழியாகத்தான் 1920களின் தொடக்கத்தில் கிருஷ்ண ராவ் மதராஸ் வந்து சேர்ந்தார். மற்றவர் ஓட்டலில் பாத்திரம் கழுவினார், மாவாட்டினார், சமையல்கட்டில் சொன்ன வேலையெல்லாம் செய்தார்.

மாவாட்டுவது என்றால் இன்றைக்குப் பிள்ளைகளுக்கு ஒரு பொத்தானை அழுத்துவது. அன்றைக்கு அது கல்லுரல். இட்லிக்கு அரிசி ஒரு பக்கம், உளுந்து ஒரு பக்கம் ஊறப்போட்டு, சாயங்காலம் தொடங்கினால் ராத்திரி வரை ஆட்ட வேண்டும். உளுந்து பந்து மாதிரி பொங்கி வர வேண்டும். உப்புப் போட்டுக் கரைத்து வைத்தால் விடியற்காலை நாலு மணிக்கு மாவு புளித்து நிற்கும். மழைக் குளிரில் ஒரு கணக்கு, சித்திரை வெயிலில் வேறு கணக்கு. புளிப்பு ஒரு பிடி கூடினால் அன்றைக்கு வந்த வாடிக்கையாளர் நாளைக்கு வரமாட்டார். ஓட்டலின் லாப நஷ்டம் முதல் நாள் ராத்திரியே ஆட்டுக்கல்லில் முடிவாகிவிடும் என்பதைக் கல்லாவில் உட்கார்ந்து மட்டும் தெரிந்துகொள்ள முடியாது.

ஏன் ஜார்ஜ் டவுன்? துறைமுகம் அங்கே. சுங்க அலுவலகம், ஐகோர்ட்டு, பெரிய தபால் ஆபீஸ், பாங்குகள், கப்பல் கம்பெனிகள், மொத்த வியாபாரம் எல்லாம் நடந்து போகும் தூரத்தில். கும்பகோணத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் குமாஸ்தா வேலைக்கு வந்த பையன்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். குடும்பம் ஊரில், இவர்கள் ஒரு அறையில் நாலு பேர். காலையில் யார் சமைப்பது? ஒரு துறைமுகப் பட்டணத்தில் கப்பலுக்குக் கரி எப்படியோ, குமாஸ்தாவுக்கு இட்லி அப்படி. உடுப்பி ஓட்டல்கள் வேர் பிடித்தது இந்தத் தேவையில்தான்.

1920களின் நடுவில் கிருஷ்ண ராவுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஆச்சாரப்பன் தெருவில் இருந்த சிறிய ஓட்டலை அவருடைய முதலாளி கைமாற்றிக் கொடுக்க முன்வந்தார். விலை 700 ரூபாய். கையில் அவ்வளவு பணம் ஏது? தவணையில் கொடுப்பதாகப் பேச்சு. தினமும் கல்லாவில் விழுகிற காசு, தினமும் மளிகைக்குப் போகிற காசு, இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுவதில் தவணை கட்ட வேண்டும். ஓட்டல் தொழிலின் சூட்சுமமே அதுதான். கடனுக்குச் சரக்கு வாங்கலாம், ஆனால் சாப்பிடுபவர் அன்றே காசு கொடுத்துவிடுகிறார். கை சுத்தமாக இருந்தால் சின்ன முதலிலும் வளரலாம்.

அவர் வளர்ந்தார். சில வருஷத்தில் மவுண்ட் ரோட்டில் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ண விலாஸ். ஜார்ஜ் டவுனின் சந்திலிருந்து மவுண்ட் ரோடு என்பது அந்தக் காலத்தில் பெரிய தாண்டல். வெள்ளைக்காரக் கடைகள் நிறைந்த வீதியில் இட்லியும் சாம்பாரும் போய் உட்கார்ந்தது.

அடுத்த தாண்டல் 1938 வாக்கில். ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவுக்கு ஒரு பெரிய பங்களா, சுற்றிலும் மரங்கள். அதற்குப் பெயரே உட்லண்ட்ஸ். அதைக் குத்தகைக்கு எடுத்துத் தங்கும் அறைகளோடு ஓட்டலாக்கினார். அதுவரை மதராஸில் நல்ல அறையில் தங்க வேண்டுமானால் வெள்ளைக்காரப் பாணி ஓட்டல், இல்லாவிட்டால் சத்திரம். மரக்கறிச் சாப்பாடும் சுத்தமான அறையும் ஒரே இடத்தில் என்பதை நம் ஜனங்களுக்குப் பழக்கியவர்களில் இவர் முக்கியமானவர். ராஜாவின் பங்களாவுக்கு இருந்த இங்கிலீஷ் பெயர் இட்லி, தோசைக்குப் பெயராகிப்போனது இப்படித்தான். பிற்காலத்தில் சம்பந்தமே இல்லாதவர்கள் கூட ஊருக்கு ஊர் "உட்லண்ட்ஸ்" என்று பலகை மாட்டிக்கொண்டார்கள்.

1952ல் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் நியூ உட்லண்ட்ஸ். இந்தச் சாலைக்கு இப்போது என்ன பெயர் தெரியுமா? டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. நம் திருத்தணியில் பிறந்த சர்வேபள்ளி ராதாகிருஷ்ணன்தான். அவர் வீடும் அதே சாலையில் இருந்தது. நம் மலையடிவாரத்துப் பிள்ளையின் பெயரைத் தாங்கிய தெருவில் உடுப்பிப் பிள்ளையின் ஓட்டல்! அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம். 1962ல் வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் டிரைவ்-இன். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. 1990ல் கிருஷ்ண ராவ் காலமானார்.

இதுவரை சொன்னது ஏழைப் பையன் முதலாளியான கதை. இந்த மாதிரி கதைகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொன்னால்தான் சரித்திரம் முழுசாகும்.

அந்நாளில் மதராஸ் ராஜதானியில் பல ஓட்டல்களில் "பிராமணாள்" என்று பலகை தொங்கும். சில இடங்களில் மற்றவர்களுக்கு உள்ளே இடமில்லை. சில இடங்களில் தடுப்புக் கட்டித் தனி இடம். ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு அறைகளில் கூட இந்தப் பிரிவினை இருந்தது. பெரியார் தொடர்ந்து எதிர்த்துப் பேசி, 1941ல்தான் ரயில்வே அதை நீக்கியது. சமைத்தவர் யார் என்று பார்த்துத்தான் அன்றைக்குப் பலர் சாப்பிட்டார்கள். உடுப்பிக்காரர்களுக்குத் தொழில் கிடைத்ததற்கே அது ஒரு காரணம். மடத்துச் சமையல்காரர் கைச் சாப்பாடு என்றால் ஆசாரக்காரர்களும் தயங்காமல் சாப்பிடுவார்கள். அதாவது, ஒருவருக்குப் பிழைப்பைக் கொடுத்த அதே வழக்கம்தான் என் நைனாவுக்குச் சந்தைக் காட்டியது. இரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கம்.

1950ல் அரசியல் சட்டம் வந்தது. அதன் 15ஆவது பிரிவு கடை, ஓட்டல், உணவுச்சாலை எதிலும் சாதி, மதம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. சட்டம் வந்தவுடன் பலகைகள் இறங்கிவிடவில்லை. 1957ல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற சொல்லை எடுக்கச் சொல்லித் திராவிடர் கழகத்தார் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள். தினமும் தொண்டர்கள் கைதானார்கள். கடைசியில் அந்தச் சொல் போனது. மறியலைப் பற்றி அன்றைக்கும் இன்றைக்கும் ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கலாம். ஆனால் என் நைனாவின் பசியை நினைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரே அபிப்பிராயம்தான்.

சட்டமும் போராட்டமும் கதவைத் திறந்தன. திறந்த கதவுக்குள் ஜனங்களைக் கூட்டி வந்தது பட்டணத்து வியாபாரம். நாற்காலி, மேசை, ஒரே விலைப்பட்டியல், காசு கொடுத்தால் காபி. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் யார் என்று யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. 1951ல் மவுண்ட் ரோட்டில் புகாரி ஓட்டலும் வந்துவிட்டது. பிரியாணி ஒரு பக்கம், மசால் தோசை ஒரு பக்கம். நாலு ஊர் ஜனங்கள் கலக்கிற துறைமுகப் பட்டணத்தில் வெகுநாளைக்குத் தடுப்புத் தட்டி தாங்காது.

இப்போது மறுபடி நைனா.

1973ல் எனக்குச் சென்னையில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வாங்கியதும் நைனாவுக்குக் கடிதம் போட்டு வரச் சொன்னேன். சென்ட்ரலுக்குப் போய் அழைத்து வந்தேன். கையில் வழக்கம் போல் துணி முடிச்சு. "எதுக்கு நைனா இது?" என்றேன். "உங்கம்மா கட்டிக் குடுத்தா" என்றார். அதைப் பையில் போட்டுக்கொண்டு, அவரை பஸ்ஸில் ஏற்றி நேராக டிரைவ்-இன்னுக்குக் கூட்டிப் போனேன். அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டார்.

வாசலில் கார்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "இது நமக்கு இல்லடா" என்றார். கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். துண்டை மடியில் வைத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார். சர்வர் வந்தார். நடுத்தர வயது, கன்னட வாடை அடிக்கும் தமிழ். என்னைப் பார்க்காமல் நைனாவைப் பார்த்து, "பெரியவருக்கு என்ன கொண்டு வரட்டும்?" என்று கேட்டார். நைனா என் முகத்தைப் பார்த்தார். நான் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "இட்லி" என்றார். குரல் சரியாக வரவில்லை.

இட்லி வந்தது. சாப்பிட்டார். இன்னும் இரண்டு வாங்கினேன், அதையும் சாப்பிட்டார். காபியை டபராவில் ஆற்றிக் குடித்தார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? எழுந்து, தட்டையும் டபராவையும் தானே கையில் எடுத்துக்கொண்டு எங்கே கழுவி வைப்பது என்று தேடினார். சில இடங்களில் அவர் மாதிரி ஆட்கள் குடித்த டம்ளரைத் தாங்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும் என்று அவர் பார்த்தும் கேட்டும் இருந்திருக்கிறார். அந்த சர்வர் ஓடி வந்து தட்டைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "வெய்யுங்கோ பெரியவரே, இது எங்க வேலை" என்றார்.

நைனா ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பஸ்ஸில் ஏறிய பிறகுதான், "மாவு நல்லா ஆட்டியிருக்கான்" என்றார். அவ்வளவுதான். அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதத்தை ராத்திரி என் அறையில் இரண்டு பேரும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம்.

அந்த ஓட்டலை நடத்துகிறவர் ஒரு காலத்தில் இதே ஊரில் மாவாட்டியவர், பாத்திரம் கழுவியவர் என்று அன்று எனக்குத் தெரியாது. பல வருஷம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டபோது முதலில் ஞாபகம் வந்தது அந்த சர்வர் தட்டை வாங்கிக்கொண்டதுதான். "இது எங்க வேலை" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தது முதலாளியா, காலமா, சட்டமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்றும் சேர்ந்துதான் என்று வைத்துக்கொள்கிறேன்.

2008ல் அந்த இடம் அரசின் கைக்குப் போய் ஓட்டல் மூடப்பட்டபோது பத்திரிகைகளில் பலர் வருத்தப்பட்டு எழுதினார்கள். கதை விவாதித்த மேசை, காதல் சொன்ன மரம், வேலை கிடைத்த சந்தோஷத்தைக் கொண்டாடிய மூலை என்று ஆளுக்கொரு ஞாபகம். அப்போது நைனா இல்லை. இருந்திருந்தால் அவரும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்.

பூங்காவில் பேத்தியிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது விளக்குப் போட்டுவிட்டார்கள். அவள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு, "கொள்ளுத்தாத்தா எந்த இடத்தில உட்கார்ந்து சாப்பிட்டார்?" என்று கேட்டாள். கட்டடம் போய்விட்டது, அடையாளம் தெரியவில்லை. ஒரு பெரிய மரத்தைக் காட்டி, "இதோ, இந்தப் பக்கம்தான் கண்ணு" என்றேன். அவள் போய் அந்த மரத்தடியில் நின்று பார்த்துவிட்டு வந்தாள். பிறகு இருவரும் ராதாகிருஷ்ணன் சாலைக்கு நடந்து போய், நியூ உட்லண்ட்ஸில் ஆளுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டோம்.